தேங்காய்க்குக் கொம்பில்லை

அந்த நாளில் பம்பாயில் பாலுக்கும் ரேஷன். பால் கார்டு வாங்க மனிதர்கள் என்னென்னவோ செய்தார்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். ஊரில் வயல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மாமியாரைத் தாராவியில் படுத்த படுக்கையாகக் கிடத்தினார்கள். கையில் இருந்த கார்டை வேண்டாமென்று கொடுக்கப் போனவன், எனக்குத் தெரிந்து, பூலோகம் ஒருவன்தான்.

பூலோகம் தாராவியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். யார் வம்புக்கும் போகாதவன். ஒரு மழைக்காலத்தில் வந்த வயிற்றுப்போக்கு, போகும்போது அவன் வயிற்றையே மாற்றி வைத்துவிட்டுப் போனது. அதன் பிறகு பால் ஒரு மிடறு உள்ளே போனாலும் குடல் முறுக்கிக்கொள்ளும். பொதுக் கக்கூஸுக்கு ஓட வேண்டும். தாராவியில் அந்த வரிசை பால் வரிசையைவிட நீளம்.

"பாலை விட்டுரு" என்றார் டாக்டர். பாலை விட்டான். காப்பியை விட முடியவில்லை. பால் இல்லாத கடுங்காப்பியை வாயில் வைத்துப் பார்த்து, "இது காப்பி இல்ல, கசாயம்" என்று தம்ளரைத் தள்ளிவைத்தான். அவன் மனைவி முப்பிடாதியம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வாரம் அடுப்படியை விட்டு நகரவில்லை. தேங்காயைத் துருவி அரைத்துப் பிழிந்து, அந்தப் பாலைக் கொதிக்கவிட்டு டிகாக்‌ஷனை ஊற்றினாள். எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்து நின்றது. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பார்த்தாள். பச்சை வாடை அடித்தது. கடைசியில் தேங்காயோடு ஒரு கை ஊறின கடலையையும் சேர்த்து அம்மியில் மைய அரைத்து, வெந்நீர் விட்டு வேட்டித் துணியில் பிழிந்து, கொதி வருவதற்குள் அடுப்பைவிட்டு இறக்கினாள். கிங்ஸ் சர்க்கிளில் வறுத்து அரைத்து வாங்கின தூளில் இறக்கிய டிகாக்‌ஷனை அதில் மெல்ல ஊற்றி, கருப்பட்டி போட்டு ஆற்றினாள். நுரைத்துக்கொண்டு வந்தது.

பூலோகம் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டான். முப்பிடாதி அன்றைக்குத்தான் அடுப்படியைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள்.

இப்போது கார்டுக்கு வரும் பால் பாட்டில் மிஞ்சியது. அடுத்த அறையில் ஷரீஃபுன்னிசா குடியிருந்தாள். அவள் புருஷன் இனாயத்துல்லா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தான். மகள் சைனப்புக்கு இரண்டு வயது. தட்டம்மை வந்து தேறிய பிள்ளை, தொட்டால் எலும்பு தட்டுப்படும். பால் கொடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பால் கார்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தார்கள். முப்பிடாதி விடியற்காலையில் பால் பூத்தில் வரிசையில் நின்று பாட்டிலை வாங்கி, அப்படியே ஷரீஃபுன்னிசா கையில் கொடுத்துவிடுவாள். பிள்ளை கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

ஒருநாள் பூத்தில் அதைப் பார்த்துவிட்ட ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு கார்டின் பால் இன்னொரு வீட்டுக்குப் போவது குற்றம், இன்னொரு தடவை பார்த்தால் கார்டு போய்விடும் என்று சத்தம் போட்டார். முப்பிடாதி பயந்துபோய் வந்து சொன்னாள்.

"இதுக்கு ஏன் பயப்படுத? முறையா அவக பேருக்கு மாத்திக் குடுத்துட்டாப் போச்சு. நமக்கு வேண்டாம், அவகளுக்கு வேணும். இதுல யாருக்கு என்ன நட்டம்?" என்றான் பூலோகம்.

அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று செம்பூரில் இருந்த பால் வினியோக இலாகாவுக்குப் போனான்.

அங்கே மூன்று ஜன்னல்கள் இருந்தன. ஒன்று புதுக் கார்டு கேட்பவர்களுக்கு. ஒன்று தொலைத்தவர்களுக்கு. மூன்றாவது, கார்டுக்காரர் இறந்துபோனால் வாரிசுகள் வர வேண்டியது. திருப்பிக் கொடுப்பவர்களுக்கு ஜன்னல் இல்லை. பூலோகம் யோசித்து மூன்றாவது ஜன்னலில் நின்றான். குமாஸ்தா செத்தது யார் என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்றான். அப்படியானால் இங்கே ஏன் நிற்கிறாய் என்று அவர் நியாயமாகவே கோபித்துக்கொண்டார். பூலோகம் விவரத்தைச் சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, அவனை உதவி அதிகாரி அனந்தநாராயணனிடம் அழைத்துப் போனார். இதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்குத் தைரியம் இல்லை.

அனந்தநாராயணன் மாட்டுங்காக்காரர். தமிழ்க் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்து நாற்காலியைக் காட்டினார். முழுதும் கேட்ட பிறகு மலர்ச்சி போய்விட்டது.

"இந்த இலாகாவுல எனக்குத் தலை நரைச்சாச்சு. பாலுக்கு அழறவாளைப் பார்த்திருக்கேன். சண்டை போடறவாளைப் பார்த்திருக்கேன். ஜன்னலை உடைச்சவாளைக்கூடப் பார்த்திருக்கேன். அவாளையெல்லாம் எனக்குப் புரியறது. வேண்டாம்னு வர்ற உம்மைத்தான் புரியலை."

"எனக்குப் பால் சேராது, ஐயா. பக்கத்து வீட்டுல ஒரு பச்சப்பிள்ள..."

"பிள்ளை இருக்கட்டும். கொஞ்சம் பெரிசா யோசிச்சுப் பாரும். இன்னிக்கு நீர் வேண்டாம்பீர். நாளைக்கு இன்னொருத்தர் வேண்டாம்பார். வேண்டாங்கறவா குடுத்து, வேணுங்கறவா வாங்கிண்டுட்டா, நடுவுல நாங்க எதுக்கு? வெளியில நிக்கறதே க்யூ, அதை நம்பி எத்தனை குடும்பம் இருக்கு தெரியுமா? என் குடும்பமும் அதுல ஒண்ணு."

பூலோகத்துக்கு அவர் குடும்பத்தை நினைத்து உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"அது சரி, பால் இல்லாம காப்பிக்கு என்ன பண்றீர்?"

"தேங்காப் பால்ல குடிக்கேன், ஐயா."

அனந்தநாராயணன் நிமிர்ந்தார். "என்ன பால்?"

"தேங்காப் பால்."

"பால்."

"தேங்கா..."

"முன்னாடி எது வேணா இருக்கட்டும். பசு இருக்கும், எருமை இருக்கும், ஆடு இருக்கும். பின்னாடி பால்னு வர்றதோன்னோ? வந்துட்டா அது எங்க இலாகா" என்று சொல்லிவிட்டு அவர் எழுத ஆரம்பித்தார். எழுதும்போது அவர் முகத்தில் இழந்த மலர்ச்சி திரும்பி வந்தது.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் பெட்னேகர், பால் சோதிக்கும் கண்ணாடிக் குழலோடு பூலோகத்தின் அறைக்கு வந்தார். பூத்தில் சத்தம் போட்டவர் அவர்தான். தாராவியில் பல வருஷம் சுற்றியதில் கொஞ்சம் தமிழ் பேசுவார். பூலோகத்துக்கு அன்று வார விடுமுறை. முப்பிடாதி அப்போதுதான் பாலைப் பிழிந்து வைத்திருந்தாள். பெட்னேகர் குழலை அதில் விட்டார். அது விறுவிறுவென்று கீழே இறங்கியது. அவர் முகம் கடுகடுத்தது.

"தண்ணி கலந்திருக்கு."

"தண்ணி ஊத்தாம தேங்காயில பால் எப்படி வரும்?" என்றாள் முப்பிடாதி. "வெந்நிதான் ஊத்துனேன்."

"கலந்தேன்னு ஒத்துக்கிறே?"

"இதுல ஒத்துக்க என்ன இருக்கு? எல்லாரும் ஊத்தத்தான் செய்தாக."

'கலப்படத்தை ஒப்புக்கொண்டார். தெருவில் எல்லோரும் செய்வதாகவும் கூறினார்' என்று பெட்னேகர் குறித்துக்கொண்டார்.

"எத்தனை இருக்கு உங்க வீட்ல?"

"என்னது, தேங்காயா? ரெண்டு வாங்கினேன். ஒண்ணு நேத்து ஒடைச்சேன். அதுல அரைமூடி மிச்சம் கெடக்கு."

பெட்னேகர் பேனாவை உதறினார். பிறகு, 'கறப்பன இரண்டு. அதில் ஒன்று பாதி மட்டும் உள்ளது' என்று எழுதினார். ஒரு குப்பியில் பாலை ஊற்றி அரக்கு வைத்தார். விசாரணை முடியும்வரை என்று சொல்லிப் பால் கார்டையும் எடுத்துக்கொண்டார்.

"கார்ட எடுத்துட்டுப் போனா பிள்ளைக்குப் பாலு?" என்று கேட்டான் பூலோகம்.

"எந்தப் பிள்ளை? கார்டுல பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து சைனப்புக்குக் கஞ்சிதான். முப்பிடாதி தேங்காய்ப் பால் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளைக்கு அது பேதியானது. பூலோகத்துக்குச் சேர்ந்தது அவளுக்குச் சேரவில்லை, அவளுக்குச் சேர்ந்தது அவனுக்குச் சேரவில்லை. இது இருவருக்கும் நன்றாகவே தெரிந்தது. இலாகாவுக்கு மட்டும் எழுதித் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஷரீஃபுன்னிசா காலி பாட்டிலைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் கால்நடை டாக்டர் ரோஷன் வந்தார். நகர எல்லைக்குள் அனுமதி இல்லாமல் கறவை வைத்திருப்பதாகப் புகார் இருக்கிறது, பரிசோதிக்க வேண்டும் என்றார். முப்பிடாதி முழுத் தேங்காயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். டாக்டர் அதைப் பார்த்தார். பூலோகத்தைப் பார்த்தார். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நல்ல மனிதர்.

"சாப், இது தேங்கா" என்று பூலோகம் இந்தியில் சொன்னான்.

"எனக்கும் தெரிகிறது" என்றார் டாக்டர். "தேங்காய் என்று எழுதினால், கறவையைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டேன் என்று மெமோ கொடுப்பார்கள். போன வருஷம் ஒரு லாயத்தில் குதிரை இருந்தது. குதிரை என்று எழுதினேன். இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாயி."

அவர் பரிசோதித்தார். நிறம் பழுப்பு. உடம்பில் ரோமம் உண்டு. கொம்பு இல்லை. வால் இல்லை. சினையா என்று ஒரு கேள்வி இருந்தது. காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே தளும்பியது. இருக்கலாம் என்று எழுதினார். பதிவு செய்த கறவைக்குக் காதில் பித்தளை வில்லை மாட்ட வேண்டும். காது இல்லாததால் குடுமியில் கட்டிவிட்டு எழுந்தார்.

"இதை இனிமேல் உடைக்காதீர்கள். வில்லை போட்ட கறவையை அனுமதி இல்லாமல் வெட்டினால் ஜெயில். என்னை மன்னிக்க வேண்டும்."

அன்று மாலை பூலோகம் வேலை முடிந்து வந்தபோது காப்பி இல்லை. முப்பிடாதி சுவரோரம் உட்கார்ந்து தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற தேங்கா வாங்கிட்டு வந்தா என்ன?" என்றான்.

"அதையும் வந்து எண்ணிட்டுப் போனா? எனக்குப் பயமாருக்கு. பகவதி கோயில்ல ஒடைக்கப் போன காயக்கூடத் திருப்பிக் கொண்டாந்துட்டேன்" என்றாள். "நல்லது செய்யப் போறேன்னு போனியளே, பேசாம பாட்டில ஒளிச்சுக் குடுத்துட்டு இருந்திருக்கலாம்லா?"

பூலோகம் தேங்காயை எடுத்துப் பரண்மேல் வைத்தான்.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. தம்பதி இருவரும் வர வேண்டும், மேற்படி பானத்தை அதிகாரிகள் முன்னிலையில் தயாரித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது. ஷரீஃபுன்னிசாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை.

அனந்தநாராயணன் அறையில் ஸ்டவ்வும் அம்மியும் வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் நான்கு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பியூன் மாட்டுங்காவிலிருந்து இரண்டு தேங்காய் வாங்கி வந்திருந்தான். முப்பிடாதி அதைத் தொடப் பயந்தாள்.

"தாராளமா உடைக்கலாம்மா. அதுல வில்லை இல்லை. வெறும் தேங்காய்தான்" என்றார் அனந்தநாராயணன்.

பூலோகத்துக்குச் சட்டென்று உயிர் வந்தது. "ஐயா, எங்க வீட்டுல இருக்கதும் இதே மாதிரி வெறும் தேங்காதான..."

"உங்காத்துல இருக்கறதுல வில்லை இருக்கே" என்றார் அவர் பொறுமையாக.

முப்பிடாதி அரைத்தாள், பிழிந்தாள், பதமாகச் சூடாக்கினாள். அவசரத்தில் கருப்பட்டி ஒரு துண்டு அதிகம் விழுந்தது. அறை முழுவதும் காப்பி வாசனை பரவியதும் மற்ற அறைகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரிகள் குடித்தார்கள். பெட்னேகர் இன்னொரு தம்ளர் கேட்டார். அனந்தநாராயணன் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, மேல்துண்டால் உதட்டை ஒற்றிக்கொண்டார்.

"பேஷ். திவ்யமா இருக்கு. பால் இல்லைன்னு யாராவது சொல்ல முடியுமோ?"

மற்ற மூவரும் காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்கள்.

"இப்படி ஒரு காப்பி கிடைக்கறவனுக்குப் பால் கார்டு எதுக்கு? ரத்து. போட்டாச்சு" என்றார். எழுதினார்.

"சரிங்க ஐயா, நானும் அதத்தான கேட்டேன். அத இந்தத் தங்கச்சி பேருக்கு..."

"ரத்தான கார்டை யார் பேருக்கும் மாத்த முடியாது. இல்லாததை எப்படிக் குடுக்கறது?"

ஷரீஃபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாங்க தனியா எளுதிப் போட்டது இருக்கே சார், அது எப்ப வரும்? புள்ள ரொம்ப எளச்சுப் போச்சு. ஆஸ்பத்திரில பாலுதான் குடுக்கச் சொல்றாங்க."

"எங்க இருக்கேள்?"

"இவங்களுக்கு அடுத்த ரூம்புதான்."

அனந்தநாராயணன் பெட்னேகரின் குறிப்பைப் புரட்டினார். 'தெருவில் எல்லோரும் செய்வதாகவும் கூறினார்' என்ற வரியில் அவர் விரல் நின்றது. ஏதோ வெளிச்சம் பட்டவர்போல மற்ற மூவரையும் பார்த்தார்.

"அந்தத் தெரு பூராவும் தமிழ்க்காராதானே? தேங்காய் இல்லாத வீடு இருக்குமோ?"

"மீன் கொளம்புக்கு வாங்குவோம் சார்" என்றாள் ஷரீஃபுன்னிசா, கேட்டதற்கு உண்மையாக.

"அப்போ உங்காத்துலயும் பால் இருக்கும்மா! பாலை வெச்சுண்டே பாலுக்கு எழுதிப் போட்டிருக்கேள். தப்பில்லை, தெரியாமப் பண்ணிட்டேள். மனுவை நானே தள்ளுபடி பண்ணிடறேன், அபராதம் வேண்டாம்."

அந்த மாதக் கடைசிக்குள் தெருவில் எல்லோருடைய பால் கார்டும் திரும்பப் பெறப்பட்டது. தேங்காயே வாங்காத இரண்டு குஜராத்தி வீடுகளும் தப்பவில்லை. பூலோகம் தெருவில் நடந்தால் எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கணேசபாண்டியன் என்கிற டெய்லர், பூலோகத்துக்குச் சின்ன வயசிலிருந்து சிநேகிதன், ஒருநாள் எதிரே வந்து நின்றான். "ஏல, உனக்கு வயித்துல கோளாறுன்னா எங்க வயித்துல ஏம்ல அடிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போனான். பூலோகம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நடந்ததைச் சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல அவன் காதுக்கே அது பொய்யாக ஒலித்தது.

ஆனால் செம்பூரில் மகிழ்ச்சி நிலவியது. ஒரு தெருவே வரிசையை விட்டுப் போனதில் பூத்தில் க்யூ குறைந்திருந்தது. க்யூ குறைந்தால் வினியோகம் சீரடைந்தது என்று பொருள். இதைக் கொண்டாட இலாகா ஒரு விழா ஏற்பாடு செய்தது. தானாக முன்வந்து பாலைத் துறந்த முதல் குடிமகன் என்று பூலோகத்துக்கு மாலை போடப்போவதாகச் சொல்லி பெட்னேகரே வந்து அழைத்தார். வர மாட்டேன் என்று சொல்லலாமா என்று பூலோகம் கேட்டான். அதற்கு மனு கொடுக்க வேண்டும் என்றார் பெட்னேகர்.

முப்பிடாதி வர மறுத்துவிட்டாள். விழாவில் எல்லோருக்கும் பால் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, ஷரீஃபுன்னிசா மட்டும் சைனப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனோடு பஸ் ஏறினாள்.

பந்தலில் அனந்தநாராயணன் பேசினார்.

"எல்லாருக்கும் பால் குடுக்கணும்னு இத்தனை வருஷமா முயற்சி பண்ணினோம். முடியலை. ஏன் முடியலை? பால் போதலை. பாலை ஜாஸ்தி பண்ண நம்மால ஆகுமோ? ஆகாது, அது மாட்டோட வேலை. நம்மால ஆனது ஒண்ணுதான், கேக்கறவாளைக் குறைக்கறது. அதை இந்தத் தாராவித் தெரு நமக்குக் கத்துக் குடுத்திருக்கு. அடுத்த வருஷத்துக்குள்ள பம்பாய்ல பால் கேக்கறவாளே இருக்கப்படாது. அதுதான் என் கனவு!"

கைதட்டல் அடங்கப் பல நிமிஷம் ஆனது. பூலோகத்துக்கு மாலை போட்டார்கள். பிறகு ஒரு பியூன் வெள்ளித் தட்டில் ஒரு பெரிய கண்ணாடித் தம்ளர் நிறையப் பால் கொண்டுவந்து நீட்டினான். இலாகாவின் அன்பளிப்பாம். எல்லோருக்கும் இல்லை, அவனுக்கு மட்டும்.

"எனக்குப் பால் சேராது, ஐயா" என்றான் பூலோகம் மெதுவாக.

"ஃபோட்டோவுக்குத்தான். குடியும்" என்றார் அனந்தநாராயணன் சிரித்த முகத்தோடு, உதடு அசையாமல்.

முதல் வரிசைக்குப் பக்கத்தில் ஷரீஃபுன்னிசா நின்றுகொண்டிருந்தாள். சைனப் தம்ளரைப் பார்த்துக் கையை நீட்டினாள். பூலோகம் தம்ளரோடு ஓரடி முன்னால் வைத்தான். பெட்னேகர் அவன் முழங்கையைப் பிடித்தார். பிடியில் முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை. விழா நன்றாக நடக்க வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது.

பூலோகம் குடித்தான். படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, பல்பு எரியவில்லை, இன்னொரு தடவை என்றார். இன்னொரு தம்ளர் வந்தது. அதையும் குடித்தான்.

பஸ் செம்பூரைத் தாண்டுவதற்குள்ளேயே வயிறு முறுக்க ஆரம்பித்துவிட்டது. மாலையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்து சீட்டில் சைனப் அம்மாவின் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

ஷரீஃபுன்னிசா பிள்ளையைச் சரியாகச் சாய்த்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, பாலு நல்லாருந்துச்சா?"

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நல்ல பாலும்மா" என்றான் பூலோகம். "தண்ணி கலக்காத பாலு."

அடுத்த ஸ்டாப்பில் பஸ் முழுதாக நிற்பதற்குள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினான்.